வெயிலில் பேசிய பலூன்

பேருந்துப் பணிமனையில் அவனை எல்லோரும் காத்துக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் பிரிவில் வேலை. காலையில் வண்டிகள் வெளியே கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்து விடுவது அவன் பொறுப்பு. காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே பாதி ஆயுள் நின்றதில் காது மழுங்கிவிட்டது. கீச்சென்று வருகிற சத்தம் எதுவும் அவனை எட்டாது. குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்த பிறகு கருகல் வாசனையை வைத்துத்தான் எழுந்து போவான்.

அவன் மனைவிக்கு, காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிற கடையில் வேலை. பட்டாணி அளவுக் கருவிகளைப் பூதக்கண்ணாடியின் அடியில் பிரித்துப் போட்டு, முடி மாதிரி கம்பிகளை ஒட்ட வைப்பாள். "ஊர்ல இருக்கிற காதையெல்லாம் சரி பண்றேன். வீட்டுக் காதுதான் கைக்கு அடங்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவன் கருவி மாட்டிக்கொள்ள மறுத்ததில் அவளுக்கு அப்படியொரு குறை.

கடையில் செய்தது சம்பளத்துக்கு. உயிரை வைத்துச் செய்தது வீட்டில்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கும் அவள் தம்பிக்கும் ரேடியோப் பைத்தியம். இருவரும் சேர்ந்து பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருந்தார்கள். உரிமத்தோடு ஆளுக்கொரு கால்சைன் கிடைக்கும். எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த ஒரு பெயர் அது. உலகத்தில் இன்னொருவருக்கு அந்தப் பெயர் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கடல் தாண்டி இருக்கிற முன்பின் தெரியாத ஆட்களோடு பேசுவார்கள். அதுவும் கடையில் வாங்கின பெட்டியில் பேசுவது அவளுக்கு ஆகாது. பிஸ்கட் டப்பாவுக்குள் பாகங்களை அடுக்கி, பழைய வானொலியிலிருந்து கழற்றின திருகியைப் பொருத்தி, எல்லாம் சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும்.

"கடையில வாங்கினது கெட்டுப் போனா கடைக்காரனைத் தேடிப் போய்த் திட்டணும். நான் செஞ்சது கெட்டுப் போனா இருந்த இடத்துல இருந்தே என்னைத் திட்டிக்கலாம். அலைச்சல் மிச்சம்."

சாப்பாட்டு மேசையில் பாதி தட்டுகளுக்கு, பாதி கம்பிகளுக்கு. நடுவில் கோடு போடவில்லையே தவிர, எல்லைத் தகராறு தினமும் நடக்கும். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, பேசாமலிருக்கவும் பழகி, அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தார்கள்.

அவனுக்கென்று அவள் ஒரு ரிசீவர் செய்து கொடுத்திருந்தாள். சாதாரணமாக மோர்ஸ், அதாவது நீளமும் குறிலுமான ஒலியால் எழுத்தைச் சொல்கிற குறிமொழி, கீச்சென்று வரும், அவனுக்குக் கேட்காது. அதனால் ஒலியை அடித்தொண்டைக்கு இறக்கி, தவளை முனகுகிற மாதிரி வரும்படி அமைத்திருந்தாள்.

"உங்க காதுக்கு அளவெடுத்துத் தச்சது. வேற யாருக்கும் பொருந்தாது" என்றாள். அது உண்மைதான். அவள் தம்பி அதைக் கேட்டுவிட்டு, "என்னக்கா, ரேடியோவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டான்.

பலூன் யோசனை அவளுக்கு எப்போது வந்ததென்று தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் விரல்நுனியளவு மின்சுற்றுப் பலகை ஒன்று கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் அப்பளம் போலச் சூரியத் தகடுகள்.

"இதைப் பலூன்ல கட்டி விடப் போறேன். மேகத்துக்கு மேல போய் மிதக்கும். காத்து எங்க தள்ளுதோ அங்கெல்லாம் போகும். உலகத்தையே சுத்தி வந்தாலும் வரும்."

"கரெண்டு?"

"வெயில்தான். பேட்டரி வச்சா கனம் தாங்காது. வெயில் பட்டா வாய் திறக்கும். பொழுது சாஞ்சா கப்சிப்."

"பரவாயில்லையே, ராத்திரியாவது வாயை மூடுது. செஞ்சவங்க புத்தி அதுக்கு வரல."

அதற்கு அவள் எதை எடுத்து எறிந்தாள் என்பது வேறு கதை.

அந்தப் பலகை மோர்ஸில் சொல்ல வேண்டிய செய்தியையும் அவளே எழுதி அதற்குள் ஏற்றினாள். முதலில் அவள் கால்சைன். பிறகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்கிற எண். கடைசியில் எண்பத்தெட்டு. ஹாம்காரர்கள் பேச்சு வழக்கில் எண்பத்தெட்டு என்றால் அன்பும் முத்தமும். மூன்று நீளம் இரண்டு குறில், மறுபடியும் மூன்று நீளம் இரண்டு குறில். மோர்ஸில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவனுக்கு இது ஒன்றை மட்டும் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"எண்பத்தெட்டையா போட்டிருக்கே? உலகம் பூரா கேக்குமேடி!"

"கேக்கட்டுமே. யாருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

பறக்கவிட்ட அன்று நகருக்கு வெளியே ஒரு வெட்டவெளிக்குப் போனார்கள். அவன், அவள், மைத்துனன், மைத்துனனின் மனைவி. பலூனுக்கு வாயு நிரப்புகிற வேலையை அவள் தன் தம்பிக்குத் தரவில்லை. கொஞ்சம் கூடினால் மேலே போய் வெடித்துவிடும், குறைந்தால் கீழேயே அலையும். "இதுக்கு வீட்டுல ஆள் இருக்கு" என்று அவனைத்தான் கூப்பிட்டாள். ஆயிரம் டயருக்குக் காற்றடித்தவன் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மெதுவா, மெதுவாங்க, பஸ்ஸு இல்ல இது" என்று அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் செய்ததும் அவன் ஊதியதும் சேர்ந்து ஒன்றாகி, கையை விட்டதும் அவசரமேயில்லாமல் எழும்பிப் போயிற்று. வெயிலில் ஒரு பொட்டாகி, பிறகு பொட்டும் இல்லாமல் போகும்வரை நால்வரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள்.

அடுத்த வாரம் அவள் செத்துப்போனாள்.

கடையில், பூதக்கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் தலை வலிக்கிறதென்று சொல்லி மேசைமேல் சாய்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பணிமனையிலிருந்து அவன் வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலில் நர்ஸ் அவன் கையைப் பார்த்துவிட்டு, "கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். டயர்க் கரி அத்தனை சீக்கிரம் சோப்புக்குப் போகாது. நகக்கண்ணிலெல்லாம் ஏறியிருக்கும். தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஈரக் கையோடு அவன் உள்ளே போனபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துபோன பிறகு ஒரு மத்தியானம் மைத்துனன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கைபேசியில் ஏதோ ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

"அத்தான், அக்காவோட பலூன் இன்னும் பறந்துக்கிட்டிருக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா வந்தாய் என்கிற மாதிரிப் பார்த்தான். மைத்துனன் மேசையின் கம்பிப் பக்கத்துக்குப் போய், அந்தத் தவளை ரிசீவரின் திருகியை மெல்லத் திருப்பினான். கொதிக்கிற எண்ணெயைப் போல இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், எங்கேயோ பாதாளத்தில், ஒரு முனகல். நடுங்கியது, தேய்ந்தது, மறுபடி வந்தது.

மூன்று நீளம், இரண்டு குறில். மூன்று நீளம், இரண்டு குறில்.

ஆஸ்பத்திரியில் அழாதவன், சுடுகாட்டில் அழாதவன், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று அவன் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

அதிலிருந்து அவன் பிழைப்பு அந்த மேசையின் முன்னால் என்றாகிவிட்டது. பணிமனையில் மதியத்தோடு வேலை முடியும். முன்பெல்லாம் முடிந்த பிறகும் நாலு பேரோடு நின்று ஊர்வம்பு பேசுகிறவன், இப்போது கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினான். வெயில் இருக்கும்வரைதானே பேசும்? பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். எல்லா நாளும் கேட்காது. பலூன் உலகத்தின் அந்தப் பக்கம் இருக்கிற நாட்களில் வெறும் இரைச்சல்தான். அப்போது மைத்துனன் போன் செய்வான். எந்தெந்த நாட்டு ஹாம்காரர்களுக்கு அது கேட்டிருக்கிறது என்று இணையத்தில் பார்த்துச் சொல்வான். "நேத்து ஒரு மலைமேல போயிருக்கு அத்தான். பனி மலையாம்." இவன் உடனே கவலைப்படுவான். "குளிருமேடா." மைத்துனன் அடுத்த நாட்டின் பெயரைச் சொல்வான்.

கேட்கிற நாட்களில் அவன் அதோடு பேசினான். பெட்டியில் ஒலி வாங்கத்தான் முடியும், அனுப்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன?

"புது மேனேஜர் வந்திருக்கான். உங்கம்மா மாதிரியே மூஞ்சி. சிரிச்சாத்தான் பயமா இருக்கு."

டிட் டா டிட் என்று அது தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போகும்.

"உன் பச்சைப் புடவையை எறும்பு அரிச்சிருக்கு. வெயில்ல போட்டிருக்கேன். திட்டாதே."

மூன்று நீளம், இரண்டு குறில்.

"சரி, சரி. எனக்கும்தான்."

மழை தொடங்குகிற சமயத்தில் சத்தம் நின்றது. ஒரு நாள் இல்லை, மறுநாளும் இல்லை. மைத்துனனிடம் கேட்டால், "பெரிய கடல் மேல இருக்கு அத்தான். அங்க கேக்கிறதுக்கு ஆளே கிடையாது. வரும்" என்றான். அந்த வாரம் இவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பணிமனையில் ஒரு சக்கரத்தின் மரைகளை முறுக்காமலே வண்டியை அனுப்பப் பார்த்தான். கூட இருந்தவன் கவனித்ததால் தப்பியது. "வீட்டுக்குப் போய்ப் படு" என்று மேனேஜர் விரட்டினார். மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, தொட்டிருக்காத சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து அது மறுபடியும் பேசியது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பெல்லாம் நடுநடுங்கிக்கொண்டு, தேய்ந்து தேய்ந்து வந்த ஒலி இப்போது ஒரே சீராக வந்தது. முன்பு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் கேட்கும்; இப்போது தவறாமல் தினமும். அவன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாக ஆரம்பிக்கும்.

"மாப்ளே, குரல் தேறியிருக்குடா! கடல் காத்து ஒத்துக்கிச்சு போல!" என்று போனில் கத்தினான்.

"ஆமா அத்தான்."

"நம்ம பக்கமே சுத்திக்கிட்டிருக்கா, இல்ல?"

"ஆமா அத்தான். காத்து... காத்து மாறிடுச்சு."

காத்துக்காரனுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அவன் சவரம் செய்துகொண்டான். தனக்கென்று சமைத்துக்கொண்டான். பணிமனையில் யாரோ ஒருவருக்குப் பதவி உயர்வு வந்து இனிப்புக் கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டு, பழையபடி ஒரு கிண்டலும் செய்தான். 'தேறிட்டான்' என்று மற்றவர்கள் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவன் மேசையின் முன்னால் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகின வரிசைப்படி, பெட்டியில் அவள் கால்சைன் முடிந்து உயரம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று கரெண்டு போயிற்று. விசிறி தளர்ந்தது. அதே நொடியில், பாதி எண்ணில், ஒலியும் அறுந்தது.

பெட்டி செத்துவிட்டதோ என்று பதறி எழுந்தான். இல்லை. அது பேட்டரியில் ஓடுகிற பெட்டி. இரைச்சல் அப்படியேதான் இருந்தது. இரைச்சலுக்கு அடியில்தான் ஒன்றுமில்லை. ஏரியல் கம்பியை அசைத்துப் பார்த்தான். திருகியைத் தொட்டுப் பார்க்கப் பயந்து கையை எடுத்துக்கொண்டான். வியர்வை வழிய அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து விசிறி ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. பெட்டியும் பேசியது. விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, புதிதாக, கால்சைனிலிருந்து.

"அப்பாடா" என்று உட்கார்ந்தான். பழத்தை வாயில் வைத்தான். மென்றான். பிறகு மெல்வது தானாக நின்றது.

மேகத்துக்கு மேலே இருக்கிற பலூனுக்கு இந்தத் தெருவில் கரெண்டு போனது எப்படித் தெரியும்?

பஞ்சரைத் தேடுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. குமிழி வருகிற இடம் தெரிகிறவரை ட்யூபைத் தண்ணீரில் அமுக்கித் திருப்பிக்கொண்டே இருப்பான். ஒரே சீரான குரல். தினமும். செருப்பைக் கழற்றுகிற நேரம். காற்று மாறிவிட்டது என்று சொன்னபோது மைத்துனன் குரல் இழுத்த இழுப்பு. அவன் பெட்டியை அணைக்காமலே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மைத்துனன் வீட்டுக்கு நடந்தான். போகும்போதே, வேறு ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே என்று தேடிக்கொண்டே போனான்.

மைத்துனனின் மனைவிதான் கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணா... அவர் இன்னும் வரலியே. உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

"ரேடியோ எங்கம்மா இருக்கு?"

அவள் கண் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது. அது போதுமாக இருந்தது.

அறையில் ஜன்னலோரம் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு கைக்குட்டையை மடித்து விரித்து, விரல்நுனியளவு பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் அப்பளம் மாதிரித் தகடுகள். அதன் மேலே, மேசைவிளக்கு ஒன்று கழுத்தை வளைத்து, முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கிற மாதிரிக் குனிந்து எரிந்துகொண்டிருந்தது. பலகையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. சத்தம் எதுவும் இல்லை. கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. முதலில் அவனுக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். நீளம், நீளம், நீளம். குறில், குறில். காதால் மட்டுமே கேட்டுப் பழகியதை அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

"ரெண்டு செஞ்சிருந்தாங்க அண்ணா" என்றாள் அவள், கதவைப் பிடித்துக்கொண்டு. "ஒண்ணு சரியா வரலன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னு இவர்கிட்ட கொடுத்து வச்சிருந்தாங்க. நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு நான்தான் தினமும் லைட்டைப் போடுவேன். பொழுது சாஞ்சதும் இவர் வந்து அணைப்பார்."

"நீயுமாம்மா?"

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவன் விளக்கின் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். விரல் அதன்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. அப்படியே நிற்கும்போது வாசலில் கருவிப் பை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மைத்துனன் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படா நின்னுச்சு?" என்று இவன் திரும்பாமலே கேட்டான்.

"அத்தான்..."

"கேக்கிறேன்ல. நிசமானது எப்ப நின்னுச்சு?"

"மழை ஆரம்பிச்சுச்சே, அப்ப. ஒரு தீவுல இருக்கிறவர் கடைசியாக் கேட்டிருக்கார். உயரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சாம். அதுக்கப்புறம் கடல்தான்."

"கடல் மேல இருக்குன்னு சொன்னியேடா."

"கடலுக்குள்ளன்னு சொல்ல வாய் வரல."

இவன் கணக்குப் பார்த்தான். பதவி உயர்வு இனிப்பைத் தின்றது அதற்குப் பிறகு. சவரம் செய்துகொண்டது, சிரித்தது, குரல் தேறிவிட்டதென்று கத்தியது எல்லாமே அதற்குப் பிறகு.

"அப்ப இவ்வளவு நாளா நான் யாருகிட்டடா பேசிட்டிருந்தேன்?"

"அக்கா கையால செஞ்சதுதான் அத்தான் இதுவும். அக்கா எழுதின செய்திதான். நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

"விளக்குகிட்ட பேசியிருக்கேன்டா! புடவையை எறும்பு அரிச்சதை மேசைவிளக்குகிட்ட சொல்லியிருக்கேன்!" அவன் குரல் உடைந்து அறை முழுவதும் தெறித்தது. "என்னை என்ன, பொம்மைக்குச் சோறூட்டுற குழந்தைன்னு நினைச்சியா? அவ ஒரு தடவை செத்தா. இப்ப நீ இன்னொரு தடவை சாக வச்சிருக்கே. எதுக்குடா? எதுக்கு இப்படிப் பண்ணே?"

மைத்துனன் அதுவரை குனிந்திருந்தான். இப்போது நிமிர்ந்தான். அவன் முகத்தை இவன் பல மாதங்களாகச் சரியாகப் பார்க்கவேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. காதோரம் நரைத்திருந்தது.

"நீங்க சாப்பிடாம கிடந்தீங்க அத்தான். மரையை முறுக்காம வண்டியை விடப் பார்த்தீங்கன்னு பணிமனையிலிருந்து எனக்குத்தான் போன் பண்ணாங்க. இன்னும் நாலு நாள் போனா உங்களையும் தூக்கணும்னு பயந்துட்டேன். அதுக்காகத்தான் முதல்ல போட்டேன். ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"எனக்கு முடியல." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் உங்க கையைத்தான் பிடிச்சாங்க. என்கிட்ட வந்து, 'அத்தானைப் பார்த்துக்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீங்க இடிஞ்சு போய் உக்காந்திருந்தீங்க. நான் சாமியானா பந்தலுக்கு ஆள் பிடிச்சேன். எனக்குப் பேசத் தெரியறதுக்கு முன்னாடியே என்னைத் தூக்கிட்டு அலைஞ்சவ அத்தான் அவ. அவ கால்சைன் ஒரேயடியா அடங்கிப் போறதைக் கேட்டுக்கிட்டிருக்க என்னால ஆகல."

முக்காலியின்மேல் சிவப்புப் புள்ளி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இவனுக்குக் கோபம் இருந்தது; ஆனால் அதை வைத்துக்கொண்டு நிற்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

"ஹாம் கிளப்புல ரெண்டு பேருக்கு இது கேட்டுடுச்சு" என்றான் மைத்துனன், தணிந்த குரலில். "இறந்தவங்க கால்சைனை இன்னொருத்தர் போடக்கூடாது. தெரிஞ்சா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க. எப்படியும் நிறுத்தித்தான் ஆகணும்."

"அப்ப நிறுத்து."

மைத்துனன் விளக்கருகே போனான். கையை நீட்டினான். நீட்டின கையைத் திரும்பவும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"பொழுது சாயட்டும் அத்தான். இன்னைக்கு ஒரு நாள். பொழுது சாயறவரைக்கும் இருக்கட்டும்."

இவனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வந்தது. சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளி மைத்துனன் உட்கார்ந்தான். அவன் மனைவி மூன்று பேருக்கும் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, அவளும் கதவுப்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். தேநீரை யாரும் எடுக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரின்மேல் வெயில் மெல்ல மெல்ல மேலே ஏறியது. சுவரின் பாதிக்குப் போயிற்று, மேல் விளிம்புக்குப் போயிற்று. எந்த நாளும் அவன் அவ்வளவு கவனமாக ஒரு வெயிலைப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே பார்த்தான். விளிம்பிலிருந்தும் அது போய்விட்டது.

மைத்துனன் எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தான். இவன்தான் எழுந்தான். சிவப்புப் புள்ளி எண்பத்தெட்டைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். முடித்தது. விளக்கை அணைத்தான்.

அறை இருட்டாகிவிடவில்லை. சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அதில் பலகை, கைக்குட்டை, கம்பி எல்லாம் நன்றாகவே தெரிந்தன. புள்ளி மட்டும் இல்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று முதலில் தோன்றவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டவன் இருமுகிற மாதிரி இருந்தது. மைத்துனன் தரையில் கவிழ்ந்து, நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டிருந்தான். அத்தனை மாதமாகப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போனுக்கும் வரைபடத்துக்கும் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. இவன் குனிந்து அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அக்கா செத்துட்டா இல்ல அத்தான்?" என்றான் அவன், வளர்ந்த ஆம்பளை, சின்னப் பையன் மாதிரி. "நிசமாவே செத்துட்டா இல்ல?"

அந்த வார்த்தையை இவன் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. 'அப்படி ஆகிப்போச்சு' என்பான். 'அந்தச் சமயத்துல' என்பான். இப்போது மடியில் கிடக்கிற தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ஆமாடா மாப்ளே. செத்துட்டா."

சொன்ன பிறகு அது அங்கேயே, மூன்று பேருக்கும் நடுவில், அசையாமல் கிடந்தது. வெகுநேரம் கழித்து மைத்துனனின் மனைவி எழுந்து போய், ஆறிப் போன தேநீரை எடுத்துக் கொட்டிவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.